மார்க் டூ விக்கல்

ஜீவிதாவுக்கு அந்த மார்க் டூவின் மேல் முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வண்டி ரொம்ப நன்றாக ஓடியது. அப்படி ஓடுவதற்கு அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் குறிஞ்சி என்று ஒரு கார் செய்தார்கள். மார்க் ஒன், மார்க் டூ, மார்க் த்ரீ என்று மூன்று பிறவி எடுத்து ஓய்ந்துபோன வண்டி அது. பழைய வாகன ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஊரிலிருந்த குறிஞ்சிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்த் தகடாக நசுக்கிவிட்டார்கள். வகைக்கு ஒன்றாக மூன்றே மூன்று வண்டிகள் சிறப்பு அனுமதியில் தப்பின. மூன்றும் பொள்ளாச்சியில் ஜீவிதாவும் அவள் கணவன் லோகநாதனும் கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வண்டிகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆனைமலை ரோட்டில் ஆளில்லாத லாரி ஒன்று மார்க் டூவை அப்பளமாக நொறுக்கியது. உள்ளே லோகநாதன் இருந்தான். வண்டி போய்விட்டது. அவன் போகவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அன்றிலிருந்து படுத்த படுக்கையாக, கண் திறக்காமல் கிடக்கிறான்.

மிச்சமிருந்த இரண்டு வண்டிகளையும் பழஞ்சாலை என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்கள் தொழிலே பழைய கார்களுக்கு மறுபிறவி கொடுப்பதுதான். வெளியே பழைய உடம்பு, உள்ளே பேட்டரி. ஸ்டீயரிங்கின் கனம், கிளட்சின் முரண்டு, கியர் விழும் சத்தம் எல்லாமே கம்ப்யூட்டர் காட்டும் பொய், ஆனால் கைக்கும் காலுக்கும் அது நிஜம். தானாக ஓடும் காரில் பொம்மை மாதிரி உட்கார்ந்து சலித்துப்போனவர்கள், தாங்களே ஓட்டிப் பார்க்கும் ஆசையில் ஆழியார் ரோட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். இப்போது மூன்று குறிஞ்சிகளையும் சேர்த்து இறக்கப் போகிறார்கள். அசல் மாதிரியே ஓடுகிறது என்று, மூன்றையும் அந்தக் காலத்தில் ஓட்டிய ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பழைய கார்ச் சங்கத்தின் விதி. அப்படி ஓட்டியவர்களில் எழுந்து நடமாடுகிற ஒரே ஆள் ஜீவிதா. ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி, வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

மார்க் ஒன் ஒரு முரடு. ஸ்டீயரிங்கைக் கையால் திருப்ப முடியாது, தோளால்தான் திருப்ப வேண்டும். கியர் குச்சி ஸ்டீயரிங் கழுத்தில் இருக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். மார்க் த்ரீ நேர் எதிர். ஜப்பான்காரன் இன்ஜின், ஐந்து கியர், சுண்டுவிரலுக்குத் திரும்பும் ஸ்டீயரிங். புது மாப்பிள்ளை மாதிரி எதற்கும் மறுபேச்சுப் பேசாது. இறங்கின மறு நிமிடமே அதை ஓட்டினோமா என்பதுகூட மறந்துபோகும். இரண்டையும் ஓட்டிவிட்டு ஜீவிதா தயங்காமல் அசல் என்று குறித்துக்கொண்டாள். அவள் விற்ற வண்டிகளை அளந்து செய்தவை அவை, அதிலே அதிசயம் ஒன்றுமில்லை.

மார்க் டூதான் அவளைக் கலக்கியது. லோகநாதனுக்குப் பிடித்த வண்டி அது. மூன்றாவது கியரில் ஐம்பதைத் தாண்டினால் மெல்லிய ஒரு முனகல் வர வேண்டும், வந்தது. பிரேக் போட்டால் இடது பக்கம் ஒரு விரற்கடை இழுக்க வேண்டும், இழுத்தது. குறையெல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. எதைப் பார்த்து அளந்தார்கள்? அளப்பதற்கு உலகத்திலேயே ஒரு மார்க் டூ கிடையாதே! அந்தக் கேள்வி அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

கூடவே அந்த விக்கல். நேர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே வண்டி ஒரு நொடி சுணங்கும், உடனே சுதாரித்துக்கொண்டு ஓடும்.

“அதுதான் மேடம் மார்க் டூ விக்கல்,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகிழன். பழஞ்சாலையின் பொறியாளன், சென்னைப் பையன், முப்பத்தைந்து இருக்கும். மடியில் எப்போதும் ஒரு டேப்லெட். “கார்புரேட்டர்ல இருந்த கோளாறு. அதைக்கூட விடாம கொண்டுவந்திருக்கோம். விளம்பரத்துலயே போடப்போறோம்.”

“மார்க் டூவுக்கு ஏது தம்பி விக்கல்? மார்க் ஒன்னுக்குத்தான் காலங்காத்தால குளிர்ல இருமல் வரும்.”

“ஒவ்வொரு வண்டி ஒவ்வொரு மாதிரி இல்லையா மேடம்?”

“இருந்ததே ஒரு வண்டி. அது என்ற வீட்டு வாசல்ல நின்னுச்சு.”

மகிழன் சிரித்துச் சமாளித்தான். ஜீவிதா மறுநாளிலிருந்து விக்கல் வரும் இடங்களை நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். முதல் விக்கல் அரசமரத்துப் பிள்ளையாருக்கு எதிரில். இரண்டாவது மாகாளியம்மன் கோயில். மூன்றாவது சர்ச். அடுத்தது தர்கா. கடைசியாக அணைக்கு முன்னால் இருக்கிற முனியப்பன். கார்புரேட்டருக்கு என்ன இத்தனை பக்தி என்று யோசித்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

லோகநாதன் அப்படித்தான் ஓட்டுவான். வழியில் எந்தச் சாமி வந்தாலும் இடது கையை எடுத்து நெஞ்சைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொள்வான். மூன்று மதத்துச் சாமிக்கும் வஞ்சனை கிடையாது. கும்பிடும் அந்த ஒரு நொடி ஆக்ஸிலேட்டரில் கால் தளரும், வண்டி சுணங்கும். கையை எடுக்காதீங்க மாமா என்று அவள் ஆயிரம் தடவை திட்டியிருக்கிறாள். அவன் கேட்டால்தானே!

“தம்பி, என்ற வீட்டுக்காரரு இந்த வண்டிக்குள்ள எப்படி வந்தாரு?” என்று நேராகவே கேட்டாள்.

மகிழன் டேப்லெட்டிலிருந்து நிமிர்ந்தான். “சார் எங்களுக்கு முன்னாடியே பதிவு கொடுத்திருக்காரு மேடம். விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. உடம்புல கருவி மாட்டிக்கிட்டு இதே ரோட்டுல அஞ்சு நாள் ஓட்டினாரு. அந்தப் பதிவுலேருந்துதான் மார்க் டூ செஞ்சோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லலை.”

பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்பார்கள். இவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். மனப்பாடம் செய்துகொண்டு வந்த பதில் என்று ஜீவிதாவுக்குப் பட்டது. காலையில் தின்ற இட்லியைப் பற்றியே மூன்று தடவை சொல்லுகிற மனுஷன் லோகநாதன். ஐந்து நாள் உடம்பில் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டிவிட்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தானாம்! அவள் சரி என்று தலையாட்டி வைத்தாள். ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவனைப் பார்க்கப் போனாள். ஆனைமலைக்குப் போகிற வழியில் பழஞ்சாலையின் அறக்கட்டளை நடத்துகிற துயில் இல்லம். ஞாயிறு மட்டும், நாலிலிருந்து ஐந்து வரை மட்டும் பார்வை நேரம். ஒன்பது வருடமாக ஒரு பைசா கேட்காமல் பார்த்துக்கொள்கிறார்களே என்று இவ்வளவு நாளும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டவள், இன்று கட்டிலைச் சுற்றிலும் திருட்டுத் தடயம் தேடுகிற மாதிரி பார்த்தாள்.

நர்ஸ் ரெஜினா போர்வையை விலக்கினாள். லோகநாதனின் வலது குதிகாலில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“என்ன ரெஜினா, புண்ணா?”

“கொப்புளம்க்கா. உடம்புல வேற எங்கயும் படுக்கைப் புண் இல்ல, நான் வரவே விடல. இந்த ஒரு குதிகால் மட்டும்தான். மெத்தைல உரசிக்கிட்டே இருக்கு.” ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கெழம உரசுறதில்ல. மத்த நாள்ல ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சா சாயந்திரம் வரைக்கும். டாக்டர்கிட்ட சொன்னேன், அது சும்மா நரம்புத் துடிப்பு, எழுதி வெக்காதன்னுட்டாரு.”

ஒன்பது மணிக்குத்தான் ஆழியார் ரோட்டில் மார்க் டூவைக் கிளப்புவார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவனுக்குக் குதிகால்தான் தரையில் ஊன்றியிருக்கும். ஜீவிதா அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து மணி ஆகிக் காவலாளி வந்து கூப்பிடும்வரை அதை இறக்கவே இல்லை.

திங்கட்கிழமை மார்க் டூவை அவள்தான் எடுத்தாள். மகிழன் பக்கத்தில். பிள்ளையாருக்கு விக்கல், அம்மனுக்கு விக்கல். தர்காவைத் தாண்டி ரோடு திரும்பியதும் பொன்மணி மஹால் என்று புதிதாக ஒரு கல்யாண மண்டபம். போன மாதம் திறந்தது. நுழைவாயிலில் ஃபைபரில் ஐந்து நிலைக் கோபுரம், அதில் சாமி, யாளி, கலசம் எல்லாம் உண்டு. வண்டி அதற்கு நேராக வந்ததும் ஒரு நொடி சுணங்கியது.

ஜீவிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒம்போது வருசத்துக்கு முந்தின பதிவுன்னு சொன்னீங்க. இந்த மண்டபம் போன மாசம்தான் வந்துச்சு.”

“கேமரா இருக்கு மேடம்,” என்றான் மகிழன் அவசரமாக. “கோபுரம் மாதிரி எதைப் பார்த்தாலும் பழைய பழக்கத்தை எடுத்துக் காட்டும். வெறும் கணக்கு.”

அவள் அணைவரைக்கும் போய் வண்டியைத் திருப்பினாள். திரும்பி வரும்போது அதே கோபுரம் அதே வெயிலில் நின்றது. மண்டபத்து வாசலில் மைக்கில் சினிமாப் பாட்டு, பந்தலில் ‘மொய் எழுதும் இடம்’ என்று பெரிய போர்டு. வண்டி இம்மியும் சுணங்கவில்லை. அடுத்து தர்காவுக்கு ஒழுங்காகச் சுணங்கியது, அம்மனுக்கும் சுணங்கியது.

“கேமராவா இருந்தா திரும்பி வர்றப்பவும் ஏமாந்திருக்கும் தம்பி,” என்றாள். “கல்யாண மண்டபத்தைப் போய்க் கும்பிட்டுட்டோமேன்னு வெக்கப்படறதுக்குக் கணக்குக்குத் தெரியுமா?”

மகிழனின் விரல் டேப்லெட்டில் அசையாமல் நின்றது. ஜீவிதா வேண்டுமென்றே இடது காலைத் தூக்கிக் கிளட்சின் மேல் வைத்தாள். சும்மா, அழுத்தாமல், வைத்தபடியே ஓட்டினாள். லோகநாதனுக்கு உலகத்தில் பிடிக்காதது அது ஒன்றுதான். கிளட்சில் காலை வைத்துக்கொண்டு ஓட்டினால் பக்கத்திலிருந்து அவள் முழங்காலில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான்.

ஒரு பர்லாங் போயிருக்கும். கிளட்ச் பெடல் அவள் பாதத்தைக் கீழிருந்து முட்டியது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

“மாமா!” என்று கத்தியேவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி ரோடே தெரியவில்லை. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். மகிழன் அவளைத் தடுக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவன் சட்டை நனைந்திருந்தது.

“எத்தனை வருசமா?” என்று கேட்டாள், அழுகை கொஞ்சம் அடங்கியதும்.

“நாலு வருஷமா,” என்றான். இப்போது கண்ணைப் பார்க்கவில்லை. “வண்டி இல்லைங்க மேடம். வரைபடம் இருந்துச்சு, ஆனா ஓட்டினா எப்படி இருக்கும்னு வரைபடம் சொல்லாது. அது ஒரே ஒருத்தர் உடம்புலதான் மிச்சம் இருந்துச்சு. ரோடு எப்படி வருதுன்னு நாங்க அவர் மூளைக்கு அனுப்பறோம். இந்தப் பள்ளத்துல வண்டி இப்படி ஆடும், இந்த வளைவுல இப்படி இழுக்கும்னு அவர் உடம்பு எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பை வாங்கி ஸ்டீயரிங்லயும் பெடல்லயும் கியர்லயும் இருக்கற மோட்டாருக்குக் கொடுக்கறோம். அவர் கால் தளர்ந்தா வண்டியும் தளரும். கம்பி ரெண்டு பக்கமும் போகுது.”

“மூளை செத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரே! செத்த மூளையில எதைப் படிக்கறீங்க?”

“நினைப்பு போயிடுச்சு, பழக்கம் மட்டும் மிச்சம்னு சொன்னாங்க மேடம். நானும் அப்படித்தான் நம்பினேன். அங்க ஆள் இல்ல.”

“ஆள் இல்லாமத்தான் என்ற காலைத் தட்டினாங்களா?”

மகிழன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

“நான் பேசறது அவருக்குக் கேக்குதா?”

“இன்ஜின் சத்தம் இல்லாம அவரால ஓட்ட முடியலை. அதனால வண்டிக்குள்ள மைக் வெச்சோம். எல்லாமே கேக்கும்.”

இத்தனை நாளும் இந்த வண்டிக்குள் உட்கார்ந்து என்னென்ன பேசினோம் என்று ஜீவிதா நினைத்துப் பார்த்தாள். முட்டி வலியைப் பற்றி, மார்க் த்ரீயைப் பற்றி, மகிழனின் மாமனார் வீட்டுச் சண்டையைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறாள். லோகநாதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நினைப்பே அவளை அறுத்தது.

“நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அடுத்த மாசம் நாப்பது மார்க் டூ இறங்குது,” என்றான் மகிழன். “நாப்பதையும் ஓட்டப்போறது அவர் ஒருத்தர்தான். ஒரே நேரத்துல, ராத்திரி பகலா.”

“தூக்கம்?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“போடலைன்னா?”

“மார்க் டூ கிடையாதுன்னு ஆயிடும். அப்புறம் அறக்கட்டளை எதுக்குங்க அவரை வெச்சுக்கணும்? குழாயை எடுத்துருவாங்க.” மிரட்டுகிற குரல் இல்லை அது. “நான் சொன்னேன்னு வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும் அக்கா.” மேடம் எப்போது அக்காவாக மாறியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டு அறிக்கையைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டால் நாற்பது வண்டிக்கு அவனை நுகத்தடியில் பூட்டின மாதிரி. போடாவிட்டால் அவளே அவன் கழுத்தை நெரித்த மாதிரி. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காமலே ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுப் போகும் ஒரு கேள்வி இருந்தது. வாகனம் இயங்க மனித ஓட்டுநர் தேவையா? ஆம் எனில், ஓட்டுநரின் பெயர், உரிம எண்.

ஓட்டுநர் என்று ஒருவன் இருந்தால் அவனுக்குச் சட்டம் உண்டு. எட்டு மணி நேரம்தான் ஓட்டலாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓட்டலாம். வருடத்துக்கு ஒரு தடவை அரசு டாக்டர் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். முக்கியமாக, அவன் உயிரோடிருக்கிற ஆள். ‘ஆம்’ என்று அழுத்தினாள். பெயரை அடித்தாள். உரிம எண் அவளுக்கு மனப்பாடம்.

திரை சிவந்தது. இந்த உரிமம் ரத்து செய்யப்பட்டுள்ளது. காரணம்: உரிமதாரர் இறப்பு.

விபத்துக்கு மறுநாள் தேதி போட்டிருந்தது. கூடவே ஒரு குறிப்பு: மூளைச்சாவு, உடல் ஆய்வுக்குத் தானம், மனைவி ஒப்புதல். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருத்தி ஒரு திரையை நீட்டி, இலவசமாப் பார்த்துக்குவாங்க, இங்க இங்க போடுங்க என்று பன்னிரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினாளே, அதுதான் இது. பிறகு ரேஷன் கார்டில் அவன் பெயர் நீங்கியபோது கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்து எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை. தாலி கழுத்தில் இருக்க, ஒன்பது வருடமாக அவள் அரசாங்கக் காகிதத்தில் விதவை. பாவிகளா, பாவிகளா என்று வாய்விட்டே திட்டினாள். அவர்களை விடத் தன் கையின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.

அழுது பிரயோஜனமில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வாகன ஆய்வாளர் திருமூர்த்தி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனுஷன், விதியைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர் என்று ஊரில் பெயர்.

“செத்துட்டாருன்னு தப்பாப் பதிஞ்சிருக்குதுங்களா? நடக்கறதுதானுங்க,” என்றார் அவர். “ஆளு நேர்ல வந்து மறுபடியும் எட்டு போட்டுக் காட்டோணும். அவ்வளவுதான். போட்டாருன்னா உரிமதாரர் உசுரோட இருக்காருன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுருவேன். அதுக்கப்புறம் அதை மாத்தறதுக்குக் கோர்ட்டுக்குத்தான் போகோணும். செத்தவன் எவனும் எட்டு போட்டதா இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லீங்க பாருங்க.”

“ஆளு வண்டிக்குள்ள இருந்தாப் போதுமுங்களா?”

“ஏனுங்கம்மா, வண்டிக்கு வெளிய நின்னுக்கிட்டா எட்டு போடுவாங்க? காலைல பத்து மணிக்கு வாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை, கடைசி ஓட்டம் என்று சொல்லி மார்க் டூவை எடுத்தாள். ஆழியார் ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக விட்டாள்.

“அக்கா, எங்க போறோம்?”

“லைசன்ஸ் வாங்க.”

விஷயம் புரிந்ததும் மகிழன் பதறினான். டேப்லெட்டில் ஒரு சிவப்பு வட்டத்தின் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனான். “இணைப்பை வெட்டிருவேன் அக்கா. எனக்கு வேற வழியில்ல.”

“வெட்டு சாமி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. அங்க ஆள் இல்ல, வெறும் பழக்கம்னு நீதானே சொன்ன? நாலு வருசமா நீங்க ஓட்டவெச்சதுல எட்டு கிடையாது. ஆழியார் ரோட்டுல எங்க இருக்கு எட்டு? ஆள் இல்லைன்னா வண்டி மைதானத்துல மரம் மாதிரி நிக்கும். நான் அசிங்கப்பட்டுட்டு, நீ சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். உனக்கு என்ன நட்டம்?”

அவன் விரல் அந்தரத்திலேயே நின்றது. மைதானம் வந்து சேரும்வரை அவன் அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

தரையில் வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு வரைந்திருந்தது. இப்போதெல்லாம் அதில் ஓட்டிக் காட்ட ஆள் வருவதே அபூர்வம். திருமூர்த்தி குடையும் கோப்புமாக நின்றிருந்தார். ஜீவிதா இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து, மகிழனைப் பின் ஸீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, இடது பக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் ஸீட் காலியாக இருந்தது.

“ஆளெங்கீங்க?” என்றார் ஆய்வாளர் குனிந்து பார்த்து.

“உள்ளதானுங்க இருக்காரு. உடம்பு மட்டும் வேற எடத்துல படுக்கையில கெடக்குதுங்க. நீங்க முதல்ல எட்டைப் பாருங்க, முகத்தை அப்புறம் காட்டறேன்.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகிழனிடம் திரும்பினார். “ஏந்தம்பி, இதுல தானா ஓடற சாமான் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? பொய் சொன்னா உங்க கம்பெனி அனுமதியே போயிரும்.”

மகிழன் தலையை வெளியே நீட்டினான். “இல்லைங்க சார். பழைய வண்டி வகையில அது இருக்கக் கூடாதுன்னு சட்டம். கழட்டியாச்சு.” அது உண்மை. அவன் வாயாலேயே அது வந்துவிட்டது என்பது அவனுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஜீவிதா காலி ஸீட்டைப் பார்த்துப் பேசினாள். “மாமா. நான்தான். உங்களைச் செத்துட்டாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. அதுல என்ற கையெழுத்தும் இருக்கு, படிக்காமப் போட்டுட்டேன். முன்னாடி தரையில எட்டு இருக்கு பாருங்க. அதைப் போட்டுருங்க. எனக்காகப் போடுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் வண்டி அப்படியே நின்றது. திருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீவிதாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பையன் சொன்னதுதான் நிஜமோ? ஆசையில் இரண்டு தட்டலைப் புருஷனாக்கிக்கொண்டோமோ?

கிளட்ச் பெடல் தானாகக் கீழே போனது. கியர் குச்சி நடுங்கி, தடுமாறி, ஒன்றில் விழுந்தது. வண்டி நகர்ந்தது.

முதல் வளைவை ரொம்ப மெதுவாக எடுத்தது. ஒன்பது வருடம் படுத்துக் கிடந்தவன் எழுந்து சுவரைப் பிடித்து நடக்கிற மாதிரி இருந்தது அது. நடுவில் கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் கொஞ்சம் அகலமாகப் போய், ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி, கோட்டைத் தொடாமல் உள்ளே வந்தது. இரண்டாவது வளைவில் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது கியர் விழுந்தது. ஜீவிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வண்டி எட்டை முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து நின்றது. பின் ஸீட்டில் மகிழன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

திருமூர்த்தி குடையை மடக்கினார். காலி ஸீட்டைப் பார்த்தார், தரையில் டயர்த் தடத்தைப் பார்த்தார், கோப்பைத் திறந்து நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அடியில் தேதியும் நேரமும் போட்டார்.

“எட்டு சரியா இருக்குதுங்க,” என்றார். “இனி உரிமதாரர் கைரேகை வேணும். அது இல்லாம விதிப்படி முடியாது. அவரு எங்க இருக்காருங்க?”

“ஆனைமலைப் பக்கமுங்க. பதினோரு கிலோமீட்டர்,” என்றாள் ஜீவிதா. எட்டி, பின்கதவைத் திறந்துவிட்டாள். “ஏறிக்குங்க. அவரே கூட்டிட்டுப் போவாரு.”